அப்பாவின் சாகாவும் மார்ல்பரோ கோட்டையும்



சென்ற தவணையில் ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்த நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இது உங்க தாத்தா வண்டியா?" என்று கேட்டான். என் அப்பாவின் வண்டி என்றேன். "இதுக்கு இன்சூரன்ஸ் கொடுக்க மாட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. மெய்யாவா ஐயா?" என்றான் அடுத்து. மணி அடித்துவிட்டதால், "கொடுப்பார்கள், ஆனால் கேட்கிற முறையில் கேட்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குச் சென்றேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பல ஆண்டுகளாக இதனைப் பற்றி நான் படித்தவற்றையும் பட்டவற்றையும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நம் பெற்றோர்களுள் பலர் பழைய வண்டியிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி வருகின்றனர் என்பதும் ஒரு காரணம்.

என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டின் புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் மகிழுந்தாகிய சாகா 1985 ஜூலை 9ஆம் நாள் அறிமுகமாயிற்று. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்னும் ஜப்பானிய வண்டியே அதன் மூல உரு. 'சாகா' என்பது ஒரு மரத்து விதையின் பெயர். நாம் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் சொல்கின்ற அதே சிவப்பு விதைதான். பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய விதையின் பெயரை ஒரு வண்டிக்கு வைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பினாங்குப் பாலமும் அதே 1985இல் திறக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மகாதீர் முகமது ஒரு சாகாவை ஓட்டியே அதனைக் கடந்தார். ஆகவே நம் தீவினருக்குப் பாலமும் சாகாவும் ஒரே வயதுப் பிள்ளைகள். இரண்டுக்கும் 2025இல் நாற்பது ஆண்டு நிறைந்தது. பாலத்தைப் பழையது என்று எவரும் சொல்வதில்லை. சாகாவைத்தான் சொல்கிறார்கள்.

துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா அவ்வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் முதலாம் ஆண்டில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. பதிவெண்ணின் முதலெழுத்து 'பி'. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் காலத்தில் சிங்கப்பூருக்கு 'எஸ்', மலாக்காவுக்கு 'எம்', பினாங்குக்கு 'பி' என்று பிரித்துக் கொடுத்ததன் எச்சம் அது. 1998இல் வண்டியின் எஞ்சின் புகைக்கத் தொடங்கியது. ஜெலுத்தோங்கில் இருந்த பட்டறைத் தவுக்கே, "ஹாஃப் கட் ஒன்று வந்திருக்கிறது, 1.5 போட்டுவிடலாம்" என்றார். ஜப்பானில் பாதியாக அறுத்து இங்கே இறக்குமதி செய்யப்படும் பழைய வண்டியின் முன்பகுதியைத்தான் ஹாஃப் கட் என்பார்கள். 1,298 சி.சி. எஞ்சின் இருந்த இடத்தில் 1,468 சி.சி. எஞ்சின் அமர்ந்தது. ஆயர் ஈத்தாம் மேட்டில் வண்டி முன்னைவிட எளிதாக ஏறியது என்று அப்பாவுக்குப் பெருமகிழ்ச்சி. சாலைப் போக்குவரத்துத் துறைக்கும் அவர் சொல்லவில்லை, காப்புறுதி முகவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை என்பதே உண்மை.

2012இல் அப்பா காலமானார். வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்காகப் பரிசோதனைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த அலுவலர் விளக்கடித்து எஞ்சின் எண்ணைப் பார்த்தார், கிராண்டைப் பார்த்தார், மீண்டும் எண்ணைப் பார்த்தார். பிறகு தாளை என்னிடமே நீட்டினார். இரண்டும் வேறு வேறு எண்கள். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் ஓர் எண்ணம் என்னை உலுக்கியது. பதினான்கு ஆண்டுகளாக அப்பா சந்தா கட்டி வந்த காப்புறுதிப் பத்திரத்தில் இருந்தது ஒரு வண்டி. அவர் ஓட்டியது வேறொரு வண்டி. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரு நாள், ஒரு மோட்டார் சைக்கிளோட்டி மீது அவ்வண்டி மோதியிருந்தால்? அடிபட்டவரின் குடும்பத்துக்கு ஒரு காசேனும் கிடைத்திருக்குமா? எங்கள் வீடு எங்களுக்கு மிஞ்சியிருக்குமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் வரலாற்றுக்குள் நுழைந்தேன்.

சாலையில் ஓடும் வண்டிக்குக் காப்புறுதி கட்டாயம் என்னும் விதியை இங்கிலாந்து 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் வழி கொண்டுவந்தது. 1931 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. வண்டிக்காரனைக் காப்பாற்றுவது அதன் நோக்கமன்று. அவனால் அடிபடும் வழிப்போக்கனைக் காப்பாற்றுவதே நோக்கம். ஏழைச் சாரதி ஒருவன் மோதினால், வழக்கில் வென்றாலும் அவனிடமிருந்து வாங்குவதற்கு ஒன்றுமிராது என்பதனைக் கண்ட பிறகே இவ்விதி பிறந்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதனைச் சொல்லிற்று. எனினும் காப்புறுதி பற்றிய அத்தியாயம் 1946 ஜூலையில்தான் உயிர்பெற்றது. மலாயாவில் 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1987ஆம் ஆண்டின் சட்டமும் அதே வழியைப் பின்பற்றின. இன்றைய சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி காப்புறுதியின்றி வண்டியோட்டுவோருக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் போகும்.

காப்புறுதி நிறுவனங்கள் முதலில் ஒரு வழி கண்டுபிடித்தன. பத்திரத்தில் சிறிய எழுத்துகளில் நிபந்தனைகளை அடுக்கின. வண்டி பழுதுபட்டிருந்தால் செல்லாது, இன்ன வயதுக்கு மேற்பட்டவர் ஓட்டினால் செல்லாது, இத்தனை பேருக்கு மேல் ஏறினால் செல்லாது என்றெல்லாம். அடிபட்டவனுக்கு இதில் என்ன பங்கு? மோதிய வண்டியின் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டா அவன் சாலையைக் கடந்தான்? ஆகவே 1934இல் இங்கிலாந்து மற்றொரு சட்டம் இயற்றி, அடிபட்ட மூன்றாம் தரப்பினருக்கு எதிராக இத்தகைய நிபந்தனைகள் எவையும் எடுபடா என்று ஒரு பட்டியலையே கொடுத்தது. அப்பட்டியல் அப்படியே நம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் வந்து அமர்ந்திருக்கிறது. ஓட்டுநரின் வயது, உடல்நிலை, வண்டியின் நிலை, ஏறியோர் எண்ணிக்கை, ஓட்டிய நேரம், இடம் என்று நீளும் அப்பட்டியலில் வண்டியின் குதிரைத்திறனும் மதிப்பும் இருக்கின்றன. குதிரைத்திறன்! அந்த ஒரு சொல்லைப் படித்தபோது என் அப்பாவின் 1.5 எஞ்சின் என் கண்முன் வந்து நின்றது. எஞ்சினை மாற்றிய வண்டியாயினும், அதனால் அடிபட்டவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சிந்தித்திருக்கிறார்.

ஆனால் மகிழ்ந்துவிடுவதற்கில்லை. அடிபட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதனை வண்டிக்காரரிடமே திரும்பக் கேட்கலாம். உண்மையை மறைத்துப் பெற்ற பத்திரம் செல்லாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்புக் கோருவதற்கும் 96ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அவ்வாறு கைவிடப்படும் அடிபட்டோருக்காகவே மோட்டார் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதுப் பணியகத்தை அமைத்து, 1968இல் போக்குவரத்து அமைச்சருடன் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆக, மோட்டார் சைக்கிளோட்டியின் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வழியில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் வீடுதான் ஊசலாடியிருக்கும். எங்கள் வண்டிக்கு நேர்ந்த சேதத்திற்கோ ஒரு சென்னும் கிடைத்திராது. 95ஆம் பிரிவு வண்டிக்காரருக்காக எழுதப்பட்டதன்று.

இப்போது 'மறைத்தல்' என்னும் சொல்லுக்கு வருகிறேன். எஞ்சினை மாற்றியதைச் சொல்லாதிருப்பது எப்படிக் குற்றமாயிற்று? இதன் வேர் இலண்டனில் தொடங்கினாலும், கிளை நம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

சுமத்திராவின் மேற்குக் கரையில் பெங்கூலு என்னும் ஊர். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மார்ல்பரோ கோட்டை இன்றும் நிற்கிறது. 1759இல் அதன் ஆளுநராக இருந்த ஜார்ஜ் கார்ட்டர், பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வந்து கோட்டையைப் பிடித்துவிட்டால் தம் உடைமை போய்விடுமே என்றஞ்சி, இலண்டனில் இருந்த தம் சகோதரர் வழியாக ஒரு காப்புறுதி எடுக்க ஏற்பாடு செய்தார். ஓராண்டுக் காலம், தொகை 10,000 பவுண்டு. இலண்டனில் 1760 மே மாதம் சார்லஸ் போம் என்பவர் உள்ளிட்டோர் அப்பத்திரத்தில் கையொப்பமிட்டனர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஏப்ரலிலேயே பிரெஞ்சுத் தளபதி தெஸ்தேன் கோட்டையைப் பிடித்துவிட்டார்! கப்பல் வழிச் செய்தி இலண்டனை எட்டவில்லை. பணம் கேட்டபோது போம் மறுத்தார். கோட்டை பலவீனமானது, பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்பதெல்லாம் ஆளுநருக்குத் தெரிந்திருந்தும் எங்களிடம் சொல்லவில்லை என்றார்.

1766இல் வழக்கை விசாரித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, காப்புறுதி கேட்பவனுக்கே உண்மைகள் பெரும்பாலும் தெரியுமாதலால் அவன் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்னும் நெறியை வகுத்தார். அதே மூச்சில், தாமே விசாரித்து அறிந்திருக்கக்கூடியதைக் கேளாமலிருந்துவிட்டுப் பின்னர் மறைத்துவிட்டான் என்று சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார். வழக்கில் வென்றவர் ஆளுநர் கார்ட்டர்தான். பிற்கால நீதிமன்றங்கள் முதற்பாதியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை மறந்தன என்பது என் குறை. 1906ஆம் ஆண்டின் கடல்சார் காப்புறுதிச் சட்டம், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முக்கியமானவை அனைத்தையும் சொல்லியாக வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது.

அந்தக் கோட்டை நமக்கு அந்நியமன்று. 1824இல் ஆங்கிலேயர் பெங்கூலுவை டச்சுக்காரரிடம் ஒப்படைக்க உடன்பட்ட பின், அங்கே வேலை செய்துகொண்டிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர்.

பினாங்கின் தனித்தன்மை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டம் படித்த நண்பர் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உள்நாட்டுச் சட்டம் இல்லாத வணிகச் செய்திகளில் பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்களுக்கு 1956இல் இருந்த ஆங்கிலச் சட்டம் பொருந்தும். பினாங்குக்கும் மலாக்காவுக்கும் அந்தந்தக் காலத்து ஆங்கிலச் சட்டம் பொருந்தும். பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் சட்டம் மாறாது, செபராங் பிறையும் பினாங்குதான்; கிரியான் ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தாருக்குள் நுழைந்தால் மாறும்! நல்லவேளையாக நம் மகிழுந்துக் காப்புறுதிக்கு இக்குழப்பம் இல்லை. 1996ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டமும், பின்னர் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டமும் அதனைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. பின்னதன் ஒன்பதாம் அட்டவணை 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பயனீட்டாளரிடம் நிறுவனமே தெளிவான கேள்விகளைக் கேட்க வேண்டும். பயனீட்டாளர் கவனத்தோடு உண்மையாக விடையளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மான்ஸ்ஃபீல்டின் மறக்கப்பட்ட இரண்டாம் பாதி, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்திருக்கிறது.

சரி, அப்பா உண்மையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்? ஆறாம் ஆண்டுக் கணக்குதான் இது. தீபகற்பத்துக்கான 2016ஆம் ஆண்டுக் கட்டண அட்டவணையில், 1,400 சி.சி.க்கு உட்பட்ட மகிழுந்தின் மூன்றாம் தரப்புக் காப்புறுதி 120 ரிங்கிட் 60 சென். 1,400க்கு மேல் 1,650 வரை 135 ரிங்கிட். வேறுபாடு 14 ரிங்கிட் 40 சென். இந்த அளவிலேயே பதினான்கு ஆண்டுக்கும் கணக்கிட்டால் 201 ரிங்கிட் 60 சென். தள்ளுபடி கழித்தால் அதனினும் குறைவு. அப்பாவின் அந்நாளைய சந்தா இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். இந்தத் தொகைக்காக அவர் மறைக்கவில்லை. அவருடைய நேர்மையை அறிந்தவர்கள் அறிவர். ஆனால் இந்தத் தொகையளவே உள்ள ஒன்றுக்காக வீடு ஊசலாடியிருக்கும் என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வண்டியை முறைப்படுத்த எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. ஹாஃப் கட் எஞ்சினுக்குச் சீட்டும் இல்லை, சுங்க ஆவணமும் இல்லை, பட்டறையும் மூடப்பட்டுவிட்டது. ஆவணங்களோடு கிடைத்த மற்றொரு 1.5 எஞ்சினை வாங்கிப் பொருத்தி, விண்ணப்பித்து, பரிசோதித்து, கிராண்டில் எண்ணைத் திருத்தினேன். எஞ்சின் மாற்றம் மட்டுமன்று, வண்டியின் நிறத்தை மாற்றினாலும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிய வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அதற்குப் பின்னரே மெய்யான சிக்கல் தொடங்கியது. பழைய வண்டிக்கு உலகில் இருவகைக் கண்கள் இருக்கின்றன. ஒன்று, விலையற்றுப் போன பழைய இரும்பாகப் பார்க்கும் கண். மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துணியை விலக்கி வெளியே எடுக்கும் அரும்பொருளாகப் பார்க்கும் கண். சிங்கப்பூரில் பழம்பெரும் வண்டிகளுக்கான திட்டத்தில் சாலை வரி பெரிதும் குறைவு. ஆனால் ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். இங்கிலாந்தில் இத்தகைய வண்டிகளுக்கென உள்ள காப்புறுதியும் பெரும்பாலும் ஆண்டுக்கு இத்தனை மைல் என்று எல்லை வைத்தே சந்தாவைக் குறைக்கிறது. என் சாகாவோ நாள்தோறும் காலை ஆறே முக்காலுக்குப் புறப்படுகிறது. நாற்பது வயதாகியும் வேலைக்குப் போகும் வண்டிக்கு இவ்விரண்டு கண்களிலும் இடமில்லை. நான் அணுகிய நிறுவனம் ஒன்று, பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு முழுமைக் காப்புறுதி தருவதில்லை என்று ஒரே வரியில் முடித்தது. மற்றொன்று 3,000 ரிங்கிட் சந்தை மதிப்பு என்றது. நான் அதற்குச் செலவிட்டதோ அதனைப் போல் நான்கு மடங்கு. எவருமே ஏற்காத வண்டிகளுக்கென 1992இல் எல்லா நிறுவனங்களும் கூட்டாக அமைத்த ஒரு பொதுத் திட்டம் உண்டு. ஆகவே காப்புறுதியே கிடைக்காது என்று அந்த மாணவனின் தந்தை கவலைப்பட வேண்டியதில்லை.

இதற்கு மருந்தாக இருப்பது 'உடன்பட்ட மதிப்பு' என்னும் முறை. வண்டியின் விலை இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பத்திரத்தில் எழுதிவிடுவது. இதுவும் கப்பலிலிருந்து வந்ததே. நடுக்கடலில் மூழ்கிய சரக்கின் விலையை எவர் போய் மதிப்பிடுவது? பினாங்கு வணிகர்களுக்கு இது புதிதன்று. இங்குள்ள ஹொக்கியன் குடும்பங்கள் 1885இலேயே கியென் குவான் என்னும் காப்புறுதி நிறுவனத்தைத் தொடங்கி, கடல்வழிச் சரக்குக்கும் தீ விபத்துக்கும் காப்புறுதி விற்றவர்கள். மதிப்பீட்டாளர் ஒருவரின் சான்றும் புகைப்படங்களும் பட்டறைச் சீட்டுகளும் கொடுத்த பின், மூன்றாவது நிறுவனம் எனக்கு 10,000 ரிங்கிட்டை உடன்பட்ட மதிப்பாக ஏற்றுக்கொண்டது.

சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சந்தை மதிப்பு முறையில் எடுப்போர், சந்தாவைக் குறைப்பதற்காகத் தொகையைக் குறைத்து எழுதுவதும் கூடாது. 10,000 ரிங்கிட் பெறும் வண்டியை 5,000க்கு எழுதினால், 2,000 ரிங்கிட் சேதத்துக்கு 1,000தான் வரும். மீதிப் பாதிக்கு நீங்களே உங்களுக்குக் காப்புறுதியாளர் என்பது விதி. இன்னொன்று, பத்தாண்டைத் தாண்டிய வண்டிக்குப் புதிய உதிரிப்பாகம் போட்டால் அதன் விலையில் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தலையில் விழும். பழையதைக் கொடுத்துப் புதியது பெறுகிறீர்களே என்பது அவர்கள் வாதம். நியாயம்தான், ஆனால் கசக்கிறது.

இத்தனையும் கற்ற நான் ஒன்றில் கோட்டைவிட்டேன். 2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு தொடங்கிய பெருமழையில் பினாங்கு மூழ்கியது பெற்றோர் அனைவருக்கும் நினைவிருக்கும். வீட்டு வாசலில் நின்ற சாகாவின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. முழுமைக் காப்புறுதி என்றால் எல்லாவற்றுக்கும் என்று நான் நம்பியிருந்தேன். வெள்ளம் அதில் அடங்காது. தனியே சேர்க்க வேண்டும். பழைய கட்டண முறையில் அதற்கு காப்புறுதித் தொகையின் அரை விழுக்காடு, அதாவது என் வண்டிக்கு 50 ரிங்கிட். அந்த 50 ரிங்கிட்டைச் செலுத்தாததால், கம்பி வடங்களையும் இருக்கைகளையும் மாற்ற என் சேமிப்பிலிருந்து பல்லாயிரம் போயிற்று. அடுத்த ஆண்டு முதல் அதனைச் சேர்த்தே புதுப்பிக்கிறேன்.

இவ்வாண்டும் புதுப்பிக்கும்போது எஞ்சின் மாற்றம், நிற மாற்றம், நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டுவது ஆகிய மூன்றையும் ஒரு தனித்தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்தேன். "சார், இதெல்லாம் யாரும் எழுதறதில்லையே" என்றார் முகவர். எழுதுகிறேன், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை மட்டும் குத்திக் கொடுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே குத்திக் கொடுத்தார். அந்த நகல் வண்டியிலேயே இருக்கிறது.

மறுநாள் ஓய்வு வேளையில் அந்த மாணவனை அழைத்து, பானெட்டைத் திறந்து காட்டினேன். எஞ்சின் எண்ணை அவன் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க, நான் பத்திரத்தில் சரிபார்த்தேன். இரண்டும் ஒன்றே. "அப்போ எங்க அப்பா வண்டியையும் இப்படிப் பார்க்கணுமா ஐயா?" என்றான். அவன் தந்தையும் பழைய சாகாதான் வைத்திருக்கிறாராம். சென்ற ஆண்டு எஞ்சின் மாற்றினாராம்.